ஒட்டு அடீனியம், மூன்று நிறக் காகிதப்பூ என்று ஆன்லைனில் செடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

6,400. மொத்தமாகப் போச்சு. செடிக்கு இவ்வளவா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், அது பத்துச் செடிக்கான காசு. அந்தப் பத்தில் இன்று மிஞ்சி நிற்பது இரண்டு நாற்று, அதுவும் நான் கேட்ட ரகம் இல்லை. சமூக வலைதளத்தில் அழகழகாக வீடியோ போட்டு, உள்பெட்டியில் ஆர்டர் எடுக்கும் செடிப் பக்கங்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்று. பெயர் சொல்லப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வர அவர்களுக்கு அரை மணி நேரம் போதும், அதனால் பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம். காகிதப்பூ, பாலைவன ரோஜா என்கிற அடீனியம் இரண்டில் எது நல்லது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எனக்குத் தேவைப்பட்டது சாதாரண விஷயம். மொட்டை மாடி, நாள் முழுக்க வெயில், ஊருக்குப் போய்விட்டால் தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. வறட்சி தாங்க வேண்டும், பூக்கவும் வேண்டும். விசாரித்த எல்லோரும் சொன்னது இந்த இரண்டு பெயரைத்தான். சரி, இரண்டையும் விற்கிறவர்களிடமே கேட்போம் என்று அந்தப் பக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.

விலைப்பட்டியல் வரும் என்று நினைத்தேன். வந்தது ஒரு கேள்வி. "அக்கா, மாடியில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழும்?" அடுத்து, தொட்டியா தரையா, வீட்டில் சின்னப் பிள்ளைகள், நாய், பூனை உண்டா என்று. பிறகு நிதானமாகக் குரல் பதிவில் விளக்கம். காகிதப்பூவுக்கு அஞ்சாறு மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும், இல்லையென்றால் வெறும் இலையாகத்தான் நிற்கும். தண்ணீரையும் உரத்தையும் அள்ளிக் கொட்டினாலும் அதே கதைதான், மண்ணை நன்றாகக் காயவிட்டுக் கொஞ்சம் பட்டினி போட்டால்தான் நிறம் கொட்டும். நாம் பூ என்று பார்க்கும் அந்தக் காகித இதழ் உண்மையில் நிறம் மாறிய இலை, நடுவில் வெள்ளையாகக் குழல் போல நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று குட்டிதான் பூ. அடீனியம் அரளிக் குடும்பம், உடைத்தால் வரும் பால் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உப்பிய அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் நீங்கள் மறந்தாலும் அது தாங்கும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. நான் வேறு இடங்களில் தேடிச் சரிபார்த்தேன், அத்தனையும் சரி. வியாபாரி ஒருவர் தன் சரக்கில் விஷம் இருக்கிறது என்று தானே சொல்கிறார், இவரை நம்பாமல் யாரை நம்புவது? அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அப்புறம் ஒரு வீடியோ வந்தது. கைக்கு அடங்காத பருமனில் ஒரு அடீனியம், அடித்தண்டை ஒரு கட்டைவிரல் அழுத்தி அழுத்திக் காட்டுகிறது, "கல்லு மாதிரி இருக்கு பாருங்க அக்கா." எது வாங்கலாம் என்று மறுபடி கேட்டதற்கு, "இரண்டையும் வைத்து நீங்களே உங்கள் மாடியில் ஒப்பிட்டுப் பாருங்களேன்" என்று அடுக்கு இதழ் ஒட்டு அடீனியம் ஆறு, மூன்று நிறக் காகிதப்பூ நாலு, எல்லாம் சேர்த்து 6,400 என்றார். முழுத் தொகையும் முன்கூட்டியே, நேரடியாக அவர் எண்ணுக்கு.

பெட்டி வந்தது. அடீனியத்தை வேர் மண் உதறி, காயவைத்து, காகிதத்தில் சுற்றி அனுப்பினால் நாள் கணக்கில் பயணம் செய்தும் ஒன்றும் ஆகாது, அதுதான் அந்தச் செடியின் பெருமையே. இவர்கள் ஈரத் தேங்காய் நாரைச் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். பிரித்ததுமே நாற்றம். வீடியோவில் பார்த்த மாதிரி நானும் அடித்தண்டை அழுத்தினேன், விரல் உள்ளே போனது, பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது. தண்ணீர் இல்லாமல் சுருங்கிய தண்டு நனைத்தால் தேறிவிடும், கொழகொழவென்று ஆனது பெரும்பாலும் தேறாது. ஆறில் நாலு அப்படித்தான் இருந்தன.

மீதி இரண்டில் ஒட்டுக் கட்டிய இடம் என்று வெள்ளை டேப் சுற்றியிருந்தது. சந்தேகத்தில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை! வெட்டு இல்லை, தழும்பு இல்லை, கீழிருந்து மேல்வரை ஒரே தோல். உண்மையான ஒட்டு என்றால் அடிச்செடியில் ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, ஆப்பு மாதிரி சீவிய மேல்குச்சியைச் செருகிக் கட்டியிருப்பார்கள். அது கூடிவிட்டாலும் தழும்பு வருடக்கணக்கில் தெரியும். அடுக்கு இதழ் ரகங்களை விதை போட்டால் தாயைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் ஒட்டுச்செடிக்குக் கூடுதல் விலை. இவர்கள் சாதா விதை நாற்றில் டேப்பைச் சுற்றி அந்த விலையை வாங்கியிருக்கிறார்கள். என்ன துணிச்சல் பாருங்கள்.

அன்று மாலையே படம் எடுத்து அனுப்பினேன். பதில் உடனே வந்தது, அன்பாகவே வந்தது. "பயண அலுப்பு அக்கா, புதுச்செடி அப்படித்தான், பத்து நாள் நிழலில் வையுங்கள், செட் ஆகட்டும்." புதுச்செடியை உடனே சுடுவெயிலில் வைக்கக் கூடாது என்பது உண்மைதானே, அதனால் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். காகிதப்பூவும் அப்போது இளந்தளிர் விட்டுப் பச்சையாக நின்றது, அது வேறு ஒரு சமாதானம். ஆனால் அந்தத் தளிர் ஒரு நாள் காலையில் மொத்தமாகத் துவண்டது. குச்சியை லேசாகத் தூக்கினேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேர் ஒன்றுகூட இல்லை, கத்தியில் சாய்வாக வெட்டிய முனை வெட்டியபடியே இருந்தது. வெட்டிய குச்சி தனக்குள் இருக்கும் சத்தை வைத்தே வேர் பிடிக்காமல் தளிர் விடும், அது தீர்ந்ததும் சாகும். மூன்று நிறம் என்பது மூன்று தனிக் குச்சிகளைச் சேர்த்துக் கம்பியால் முறுக்கியது. நாலு தொட்டியும் இதே லட்சணம்.

மறுபடி எழுதினேன். இப்போது நான் அக்கா இல்லை, மேடம். "மேடம், புகார் என்றால் 48 மணி நேரத்துக்குள், பெட்டி பிரிக்கும் வெட்டாத வீடியோவோடு அனுப்ப வேண்டும், எங்கள் விதிமுறையில் இருக்கிறது." பத்து நாள் பொறுக்கச் சொன்னது யார்? அவரே! அந்தப் பத்து நாள் செடிக்காகச் சொன்னது இல்லை, கெடு முடியட்டும் என்று சொன்னது. இதைக் கேட்டதும், தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டீர்கள் என்றார். வந்த அடீனியத்துக்கு நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை, ஊற்றக் கூடாது என்று குரல் பதிவில் சொன்னதும் அவரேதான், இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்து கூரியர்காரர் மேல் பழி. அடுத்து, பாதி விலையும் அனுப்பும் செலவும் கொடுத்தால் மாற்றுச்செடி தருகிறோம் என்று பெருந்தன்மை. 6,400 கொடுத்து அழுகியதை வாங்கியவள் மேலும் கொடுத்து இன்னொரு பெட்டி வாங்க வேண்டுமாம். மாட்டேன், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் "செடி உயிருள்ள பொருள் மேடம், உயிருக்கு யார் கேரண்டி தர முடியும்" என்று ஒரு தத்துவம். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். தோழியின் கணக்கிலிருந்து பார்த்தேன், அதே கட்டைவிரல் வீடியோ புதுத் தலைப்போடு ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, எது நல்லது என்று எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா. இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. தொட்டியில் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறக்கிறவர்களுக்கு அடீனியம். தரையில் இடமும், முள்ளைச் சமாளிக்கிற, உதிர்வதைப் பெருக்குகிற பொறுமையும் இருந்தால் காகிதப்பூ. தரையில் வேரோடிய காகிதப்பூ எந்த வறட்சியையும் பார்த்துக்கொள்ளும், சின்னத் தொட்டியில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். மழையும் குளிரும் அதிகமான இடத்தில் அடீனியத்தை வெளியே விடாதீர்கள்.

வாங்குவதாக இருந்தால் நேரில் போய் வாங்குங்கள், காகிதப்பூவைப் பூத்திருக்கும்போது வாங்குங்கள், அடித்தண்டை நீங்களே அழுத்திப் பாருங்கள். ஆன்லைன்தான் வழி என்றால் உங்களுக்கு அனுப்பப் போகிற அதே செடியின் பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய சீட்டை வைத்து வீடியோ கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ ஓட வேண்டும், அதிலேயே டேப்பைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், தண்டை அழுத்துங்கள், குச்சியை லேசாக அசைத்துப் பாருங்கள், புகாரை அன்றே எழுத்தில் போடுங்கள், யார் எத்தனை நாள் பொறுக்கச் சொன்னாலும் சரி. நீல அடீனியம், நீலக் காகிதப்பூ என்று படம் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள், அப்படி ஒன்று கிடையாது. அதன் விதை என்று எதையாவது விற்பார்கள்; அடீனியம் விதை மெல்லிய குச்சி மாதிரி, இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சத்தோடு இருக்கும், உருண்டையாக வந்தால் அது வேறு எதுவோ.

பணம் அனுப்பிய செயலியில் 6,400க்குப் புகார் கொடுத்திருக்கிறேன், 'பரிசீலனையில்' என்று அப்படியே நிற்கிறது. முக்கியமாக இன்னொன்று. ஏமாந்தபின் வேறொரு எண்ணிலிருந்து, ரீஃபண்ட் தருகிறோம், லிங்க்கை அழுத்துங்கள், ஓடிபி சொல்லுங்கள் என்று வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். நேற்று எனக்கு வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே, 6,400தானே மேடம் என்றார் அந்த ஆள்.