ஸ்பெக்ட்ரமா, கமடோர் 64ஆ?

இரண்டும் 1982இல் வந்த வீட்டுக் கணினிகள். எது பெரிது என்று பிரிட்டன் பள்ளிகளில் அன்று கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள்.

வசதிகளை வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. கமடோரில் 8 ஸ்ப்ரைட்டுகளை, அதாவது திரையில் நகரும் உருவங்களை, சிப்பே பார்த்துக்கொள்ளும். பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச் சிப்பில் ராப் ஹப்பார்ட் விளையாட்டுகளுக்குப் போட்ட இசையை இன்றும் ஆசையாகக் கேட்கிறார்கள். ஸ்பெக்ட்ரத்திலோ ரப்பர் விசைகள், 'பீப்' ஒலி எழுப்பும் ஒரு பீப்பர், அவ்வளவுதான். 8x8 புள்ளிக் கட்டத்துக்கு இரண்டே நிறம்; ஹீரோ மரத்தைக் கடந்தால் மரத்தின் பச்சை அவன் சட்டையில் ஒட்டிக்கொள்ளும்!

ஆனாலும் என் ஓட்டு ஸ்பெக்ட்ரத்துக்கே. 48கே நினைவகம் கொண்ட மாடல் 175 பவுண்டுக்குக் கிடைத்தது. கமடோர் அதைவிட நிறையவே அதிகம். இந்த நிறச் சிக்கலையே அல்டிமேட் நிறுவனம் எப்படிச் சமாளித்தது தெரியுமா? 1984இல் 'நைட் லோர்' விளையாட்டில் ஒவ்வோர் அறைக்கும் ஒரே நிறம் கொடுத்து, முப்பரிமாணமாகத் தெரியும் கோட்டையையே எழுப்பிவிட்டார்கள். அவர்கள்தான் பின்னாளில் 'ரேர்' என்ற விளையாட்டு நிறுவனம் ஆனவர்கள்.

இந்தப் பழைய கணினிகளின் புது வெளியீடுகளிலும் என் ஓட்டு அப்படித்தான். முழு அளவு 'தி சி64' 2019இல் வந்துவிட்டது. 2024இல் வந்த 'தி ஸ்பெக்ட்ரம்' 48 விளையாட்டுகளோடு, அதே ரப்பர் விசைகளோடு வருகிறது. டைப் அடிக்க எரிச்சல்தான், விளையாட சுகம். பாட்டு கேட்க மட்டும் கமடோர் பக்கம் போங்கள்.