கத்திப் பட்டறை ‘செட்’ வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கத்தி செய்யும் சாமான்கள் மொத்தமாக வரும் ‘செட்’ ஒன்றுக்கு ஆன்லைனில் நான் கொடுத்தது 38,500 ரூபாய். அது போக பார்சல் ஆபீஸில் இறக்கும்போது கேட்ட 1,900. போனது போனதுதான். அதே வீடியோவைப் பார்த்து அதே ஆளுக்கு இன்னொருவர் பணம் அனுப்பிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். ஆளின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இந்த மாதிரி ‘செட்’ விற்பவர்கள் நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள்.

எனக்குத் தங்கச்சிமடத்தில் வாடகை வீடு, மருந்துக்கடையில் வேலை. கத்தி செய்யப் பழக வேண்டும் என்று மூன்று வருட ஆசை. என் மச்சான் மீன் வெட்டுகிறவர். கடையில் வாங்கும் கத்தி இரண்டு பெரிய சீலாவுக்குள் மழுங்கிவிடுகிறது என்று புலம்புவார். “நீயே ஒண்ணு செஞ்சு குடேன் மாப்ள” என்று ஒருநாள் சொன்னார். அதுதான் பிடித்துக்கொண்டது.

இடம்தான் சிக்கல். கொல்லைப்புறம் பத்துக்கு எட்டு அடி, தரை முழுக்கக் கடல் மணல். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் வெளியே கிடப்பதை எல்லாம் வீட்டுக்குள் இழுத்துப் போட வேண்டும். நிரந்தரமாகக் கொட்டகை போட வீட்டுக்காரர் விடமாட்டார். அதனால் ‘மடக்கி உருட்டிக்கொண்டு போகும் பட்டறை’ என்ற வீடியோ எனக்காகவே எடுத்தது போல இருந்தது. சக்கரம் வைத்த மேசை, 1 ஹெச்பி பெல்ட் கிரைண்டர், கேஸ் உலை, 10 கிலோ பட்டறைக்கல் (இரும்பை வைத்து அடிக்கும் கட்டி), வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் கருவி), கத்திக்கு ஏற்ற ‘1084’ எஃகுப் பட்டை ஐந்து.

“நாளைக்கு ரேட் ஏறுது அண்ணா” என்றான் விற்றவன். தனியாள் நம்பருக்குத்தான் ஜிபே. பில் கேட்டேன், “பார்சலோட வரும்” என்றான். வரவில்லை. இது எதுவுமே அன்றைக்கு எனக்குச் சந்தேகமாகப் படவில்லை என்று சொன்னால் பொய். படத்தான் செய்தது. ஆசை கண்ணை மறைத்தது.

மேசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சக்கரம் சிமெண்ட் தரைக்கு ஆனது, மணலில் புதைந்துகொண்டது. பலகை போட்டு ஏற்றினால் கிரைண்டரை ஓடவிட்டதும் மேசை தானாக நடந்து வேலிக்குப் போய்விடும். சக்கரத்துக்கு லாக் இல்லை. பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் பத்தே நாளில் துரு. எங்கள் ஊர்க் காற்றுக்கு அது சகஜம், அதற்கு அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

மோட்டார் தகட்டில் 1 ஹெச்பி என்று எழுதியிருந்தது. பட்டையைக் கொஞ்சம் அழுத்தினாலே பெல்ட் நின்றுவிடும். ராமநாதபுரத்தில் காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்து, உள்ளே அலுமினியக் கம்பி, அரை ஹெச்பி தேறினாலே பெரிசு, தகடு மட்டும் புதுசு என்றார். பட்டறைக்கல்லைப் பற்றி ஒரே விஷயம்: பழைய பேரிங்கிலிருந்து ஒரு குண்டை எடுத்து அதன் மேல் போட்டுப் பாருங்கள். நல்ல எஃகுக் கல்லில் பாதி உயரத்துக்கு மேல் துள்ளும். என்னுடையதில் ‘தொப்’ என்று விழுந்து படுத்துக்கொண்டது. வார்ப்பு இரும்பு. நாலாவது அடியில் ஓரம் பெயர்ந்தது.

இதுவரை பணம் போன கதை. உலை கதை வேறு.

உள்ளே ஒரு இஞ்ச் செராமிக் வுல் (சூடு தாங்கும் பஞ்சு) இருக்கிறது, 1260 டிகிரி தாங்கும் என்று சொல்லியிருந்தான். வீட்டு அடுப்புக்கு மாட்டுகிற ரெகுலேட்டரைத்தான் அனுப்பியிருந்தான். “வீட்டு சிலிண்டர்லயே மாட்டிக்கங்க அண்ணா.” சமையல் சிலிண்டரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. என் மனைவி அதைத் தொடக்கூட விடவில்லை. 5 கிலோ சிலிண்டரும் ஹை பிரஷர் ரெகுலேட்டரும் தனியாக வாங்கினேன், அதற்கு ஒரு செலவு. பற்ற வைத்த கால் மணி நேரத்தில் பர்னர் மூக்கிலிருந்து வெள்ளைப் புகை. பஞ்சு போல வெள்ளைத் தூள் பறந்தது. புது உலை, பெயிண்ட் எரிகிறது போல என்று நினைத்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். முட்டாள்தனம்.

ராத்திரி ஒன்பது மணிக்குக் குளிர்காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, வாயில் இரும்பைச் சப்பின மாதிரி ருசி. மருந்துக்கடைக்காரன்தானே, எனக்கு நானே டெங்கு என்று முடிவு கட்டிவிட்டேன். காலையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “நேத்து வெல்டிங் ஏதும் பண்ணீங்களா?” பர்னர் மூக்கு கால்வனைஸ் பைப். அதன் மேல் பூசிய துத்தநாகம் 900 டிகிரியைத் தாண்டினால் ஆவியாகும். அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். எனக்கு மறுநாள் சாயங்காலம் விட்டுவிட்டது, ஆனால் நிறைய இழுத்தால் நுரையீரலுக்கே ஆபத்து. பளபளவென்று வெள்ளிப் பூச்சுப் பூசிய எதையும் உலையில் சேர்க்காதீர்கள், உலையிலேயே சேர்த்து விற்றாலும் சரி.

செராமிக் வுல்? அது வெள்ளையாக இருக்கும். மேலே பூசியிருந்த சிமெண்ட் பெயர்ந்த பிறகு பார்த்தால் உள்ளே மஞ்சள் பஞ்சு, கிளாஸ் வுல். கருப்பட்டிப் பாகு மாதிரி உருகிச் சுருண்டு கிடந்தது.

சரி, உலை போகட்டும், எஃகு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பழைய பிரேக் டிரம்மில் கரியைப் போட்டு, கையால் சுற்றுகிற பிளோயர் வைத்து நானே ஓர் உலை செய்தேன். கரிக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமா? சீமைக்கருவேலங்கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. ஒரு பட்டையை அராவி மீன் கத்தி உருவம் கொண்டுவர மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. காய்ச்சினேன், காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் தோய்த்தேன். தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்ததும் எஃகுக்கு வரும் கடினம், சரியாக ஏறியிருந்தால் அரம் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்க வேண்டும். என் அரம் வெல்லத்தைச் சுரண்டுவது போலச் சுரண்டியது.

மறுபடி காய்ச்சினேன். எண்ணெயை மாற்றினேன். மூன்றாம் தடவை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நிறம் பார்த்துக் காய்ச்சினேன். அதே கதை. அவனுக்கு மெசேஜ் போட்டால், “ஹீட் பத்தல அண்ணா, பழகப் பழக வந்துரும்.” நானும் நம்பினேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்: புதிதாகப் பழகுகிறவன் எது கெட்டாலும் தன் கையைத்தான் குறை சொல்வான். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. இரண்டு மாதம் நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் உச்சிப்புளிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆசாரியிடம் போனேன். பனையேறிகளுக்குப் பாளை அரிவாள் அடிக்கிறவர். கத்தியை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கிரைண்டரைப் போட்டு, கத்தியின் வாலை (பிடிக்குள் போகும் பகுதியை) அதில் வைத்தார். பொறி நீளமாக, நேராக, கோடு கோடாகப் போய் அணைந்தது. பிறகு கீழே கிடந்த லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டை வைத்தார். கம்பி மத்தாப்பு போல நுனியில் வெடித்து வெடித்துப் பூத்தது.

“பாத்தீங்களா தம்பி? இதுல பூ இருக்கு, அதுல இல்ல.”

“அப்ப இது என்ன இரும்புண்ணே?”

“ஜன்னக் கம்பி போடுற இரும்பு. இத நீங்க நெருப்புல போட்டு எடுத்தாலும் ஒண்ணுதான், கடல்ல போட்டு எடுத்தாலும் ஒண்ணுதான்.”

1084 என்றால் கரி (கார்பன்) அம்சம் சுமார் 0.84 சதவீதம் இருக்க வேண்டும். சாதா இரும்பில் 0.2 அளவுக்குத்தான் இருக்கும். அதற்குத் தோய்ச்சல் ஏறவே ஏறாது. ஐந்து பட்டையையும் வைத்துப் பார்த்தார், ஒன்றில்கூடப் பூ இல்லை. பத்து நொடி வேலை. வந்த அன்றே நாலு இஞ்ச் கிரைண்டரில் இதைச் செய்திருந்தால் அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்சியிருக்கும். எஃகு வாங்கினால் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள், தரத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். பழைய ஸ்பிரிங் பட்டை மலிவு, ஆனால் ஓடிக் களைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். ஆசாரி பார்த்துக் கொடுத்ததைத்தான் இப்போது வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு என் பட்டறை என்ன என்று கேட்டால்: பட்டறைக்கல்லுக்குப் பதிலாக, மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் நட்டு வைத்த லாரி ஆக்சில் துண்டு, கனமான பூவரசம் பலகையில் பொருத்திய வைஸ் (அந்த ‘செட்’டில் உருப்படியாக வந்தது அது ஒன்றுதான்), மூன்று அரம், நாலு இஞ்ச் கிரைண்டர், பிரேக் டிரம் உலை, தேங்காய் எண்ணெய் தடவிய துணி. ஸ்பிரிங் துண்டும் கரியும் சேர்த்து எட்டாயிரம்கூட ஆகவில்லை. காற்று மாறினால் இரண்டு நடையில் எல்லாம் திண்ணைக்கு வந்துவிடும். தோய்த்த கத்தி கண்ணாடி போல உடையாமல் இருக்க, அதை 200 டிகிரியில் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் வைக்க வீட்டு ஓவன் போதும். மீன் வாசனை ஏறிய கத்தியை மட்டும் அதில் வைக்கக் கூடாது என்று உத்தரவு.

பணம்? முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குத்தான் அடித்தேன். பொருள் வந்து சேர்ந்துவிட்டதால் நுகர்வோர் பக்கம் போகச் சொன்னார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அவன் “கஸ்டமர் தவறாகப் பயன்படுத்தினார்” என்று பதில் போட்டான். அடுத்தது ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாதவர்கள் ஜிபே ரசீது, மெசேஜ், பார்சலைப் பிரிக்கும் வீடியோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பிரிக்கும் வீடியோ நான் எடுக்கவில்லை. அதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள்.

ஐந்து பட்டைகளில் இரண்டு சாட்சிக்காக வீட்டில் இருக்கின்றன. இரண்டை ஆசாரி கதவுக் கொண்டி அடிக்க எடுத்துக்கொண்டார். மீன் கத்தியாக அராவியது மச்சான் வீட்டில், நுங்கு தோண்ட ஆகிறதாம்.