ஹோம் தியேட்டர்: வேலூர் வெயிலில் வருடக்கணக்கில் தாங்குவது எது?

கடையில் ஏசி அறைக்குள் பத்து நிமிடம் கேட்ட செட் வேறு. சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு மெத்தை வீட்டு ஹாலில் ஐந்தாறு கத்திரி வெயிலைக் கடந்த செட் வேறு. இங்கே செட்டின் ஆயுளையும் ஒலியையும் கெடுப்பவை மூன்று: சூடு, எர்த், வெறும் சுவர். மாடலைத் தேடும் முன் இந்த மூன்றுக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

ஒரு லட்சம் ரூபாய் இருந்தால் ஏவி ரிசீவருக்கு, அதாவது டிவி, செட்டாப் பாக்ஸ் ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டிக்கு, 35 ஆயிரத்தைத் தாண்ட வேண்டாம். முன்பக்க மூன்று ஸ்பீக்கருக்கும் அடி ஒலி தரும் சப்வூஃபருக்கும் சேர்த்து 50 ஆயிரம். மிச்சம் 15 ஆயிரம் வயருக்கும், ஸ்டெபிலைசருக்கும், எர்த் வேலைக்கும், திரைச்சீலைக்கும். பின் ஸ்பீக்கர்களை அடுத்த வருடம் வாங்கலாம். மலிவான 5.1-ஐவிட (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) நல்ல 3.1 (முன்பக்க மூன்று, ஒரு சப்வூஃபர்) எவ்வளவோ மேல், ஏனென்றால் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. ஒரே பெட்டியில் எல்லாம் தரும் ரெடிமேட் செட்டைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் பலவற்றின் ஸ்பீக்கர்கள் 3 அல்லது 4 ஓம் (மின் தடை அளவு), வயர் மாட்டும் பின்னும் தனி மாதிரி; வேறு ரிசீவரோடு எளிதில் சேராது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் போனால் ஸ்பீக்கரையும் சேர்த்துப் பழைய சாமான் கடைக்குத்தான் போடவேண்டும்.

சூட்டிலிருந்து தொடங்கலாம். மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மாடித்தளம் பகலெல்லாம் காய்ந்து, படம் பார்க்க உட்காரும் இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சூட்டை ஹாலுக்குள் இறக்கும். ரிசீவருக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் ரிசீவரை வைத்து, அதன் தலைமேல் செட்டாப் பாக்ஸையும் வைத்தால் எத்தனை விலை கொடுத்த ரிசீவரும் சீக்கிரம் படுத்துவிடும். மேலே குறைந்தது 6 அங்குலம் காலி இடம் வேண்டும். ஷோகேஸ்தான் வழி என்றால் கதவைக் கழற்றிவிடுங்கள். முதுகுப் பலகையின் மேல் மூலையில் துளை போட்டு, 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைச் சூடான காற்றை வெளியே இழுக்கும்படி மாட்டுங்கள். 12 வோல்ட் ஃபேனை 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் சத்தமே தெரியாது.

ஸ்பீக்கர் தேர்வும் சூட்டோடு சம்பந்தப்பட்டதுதான். 9 அடி தூரத்தில் உட்கார்ந்து 98 டெசிபல் உச்சம் கேட்க, 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் தரும் ஒலி) உள்ள ஸ்பீக்கருக்குக் கணக்குப்படி 100 வாட் வேண்டும். 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட் போதும். ரிசீவரின் உழைப்பும் சூடும் அந்த அளவு குறையும். அடுத்து, ஸ்பீக்கரில் அதிரும் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். ஃபோம் வளையம் என்றால் சில வருடங்களில் விரல் பட்டாலே மாவாக உதிரும். ரப்பர் வளையம் உள்ளதையே வாங்குங்கள்.

இனி எர்த். அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ஸ்பீக்கரில் 'ஊம்ம்' என்று இரைச்சல் வந்தால் ரிசீவரைச் சர்வீஸுக்குத் தூக்க வேண்டாம். முதலில் கேபிள் டிவி வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால், தெருவிலிருந்து வரும் கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் மோதுகின்றன என்று பொருள். அந்தக் கேபிளுக்கு நடுவே, சிக்னலை விட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. அப்படியும் நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியனை விட்டு மல்டிமீட்டரில் ப்ளக் பாயிண்டை அளக்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 10, 15 காட்டினால் எர்த் குழியையும் நியூட்ரல் இணைப்பையும் பார்க்கவேண்டும். மலையடிவாரப் பாறை மண்ணில் கோடையில் குழி காய்ந்து எர்த் பலவீனமாகும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பும் கரியும் கரைந்திருந்தால் மறுபடி போடுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். உள்ளே இன்சுலேஷன் பழுதானால் ரிசீவரின் உலோக உடம்பைத் தொடும் குழந்தைக்கு ஷாக் அடிக்கும்.

மாலையில் வோல்டேஜ் 200-க்குக் கீழே இறங்கும் தெரு என்றால் ஸ்டெபிலைசர் அவசியம். இன்வெர்ட்டர் சுத்தமான சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடும் ஏறும். இடி மழை வந்தால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பவர் ப்ளக்கையும் கேபிள் டிவி வயரையும் பிடுங்கவேண்டும். மின்னல் கேபிள் வழியாக வந்து முதலில் பதம் பார்ப்பது ஹெச்டிஎம்ஐ போர்டைத்தான்.

வயருக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் போதும். 10 மீட்டர் ஓட்டத்துக்குப் போக வர மொத்தத் தடை 0.23 ஓம்தான். வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலை வாடை வீசும் தெருக்களில் செப்பு முனை சீக்கிரம் கறுக்கும். வருடம் ஒருமுறை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி முடுக்குங்கள்.

கடைசியாக, சுவர். 12-க்கு 15 அடி ஹாலில், 12 அடி அகலம் 47 ஹெர்ட்ஸிலும் 15 அடி நீளம் 38 ஹெர்ட்ஸிலும் அடி ஒலியை (பேஸ்) வீங்கவைக்கும். மூலையில் சப்வூஃபரை வைத்தால் வீக்கம் இரட்டிக்கும். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். பேஸ் சீராகக் கேட்கும் இடமே அதன் இடம். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் வசனத்தைச் சிதறடிக்கும். தரையில் ஒரு ஜமக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு நிறைந்த கனத்த திரை, பின் மூலைகளில் சுருட்டி நிறுத்திய பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டு போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

யமஹாவின் ஒய்பிஏஓ, டெனான் ரிசீவர்களில் வரும் ஆடிசி போன்றவை மைக் வைத்து அறையை அளந்து ஒலியைச் சரிசெய்யும். அந்த அளவீட்டைச் செய்யும்போது ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலையும் மூடுங்கள். பிறகு படம் பார்ப்பதோ ஃபேன் ஐந்தாம் எண்ணில் சுழலும் அறையில். அதனால் அளவீடு முடிந்ததும் நடு ஸ்பீக்கரை மட்டும் கையால் 2 டெசிபல் ஏற்றி வையுங்கள்.