பொக்லைன் சென்சார் பழுதுகளுக்கு ஸ்கேனரா, மீட்டரா? சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

கல் குவாரிகளிலும் சாலைப் பணிகளிலும் ஓடும் பொக்லைன், லோடர்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். என் பையில் எப்போதும் இருப்பவை நான்கு: மின்/மேக்ஸ் (அளந்ததில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் பதிந்துவைக்கும்) வசதியுள்ள மல்டிமீட்டர், ஜே1939 (கனரக இயந்திரங்களின் கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் பொது முறை) படிக்கும் ஸ்கேனர், 24 வோல்ட் 21 வாட் பல்பில் நானே செய்துகொண்ட டெஸ்ட் லாம்ப், கனெக்டரின் பின்பக்கம் நுழைக்கும் மெல்லிய ஊசிகள். நான்கில் அதிக விலை கொடுத்தது ஸ்கேனருக்கு. அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது மீட்டர்.

ஸ்கேனர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. 9 முனை சாக்கெட்டில் செருகினால் எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்று இரண்டு எண்களைத் தருகிறது. எஸ்பிஎன் 100 என்றால் ஆயில் பிரஷர், 110 என்றால் கூலன்ட் வெப்பம். பழுது எந்தச் சுற்றில் என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. பழுதின் குணத்தைச் சொல்வது எஃப்எம்ஐ: 3 என்றால் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் மின்னோட்டம் குறைவு அல்லது சுற்று அறுந்திருக்கிறது. நம் ஆட்களில் பாதிப் பேர் முதல் எண்ணைப் பார்த்ததும் சென்சார் கடைக்குப் போன் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டு வயர் கொண்ட வெப்ப சென்சாருக்கு ஒரு சோதனை போதும், செலவே கிடையாது. எஃப்எம்ஐ 4 காட்டுகிறதா? கனெக்டரைக் கழற்றுங்கள். எண் 3 ஆக மாறினால் வயரும் இசிஎம்மும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) நன்றாக இருக்கின்றன, சென்சார்தான் உள்ளே ஷார்ட். கழற்றிய பிறகும் 4 நின்றால் சிக்னல் வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. முதலிலேயே 3 காட்டினால் கனெக்டரின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்க்க வேண்டும். 4 வந்தால் சென்சாரை மாற்றலாம். மூன்று வயர் பிரஷர் சென்சாரில் இப்படி முனைகளை இணைக்கக் கூடாது.

பிரஷர் சென்சார்களின் கதை வேறு. அவற்றுக்கு இசிஎம்மிலிருந்து 5 வோல்ட் சப்ளை போகிறது. பல இயந்திரங்களில் ஒரே சப்ளையை இரண்டு மூன்று சென்சார்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு குவாரியில் 20 டன் பொக்லைன், பாறையை அள்ளிக்கொண்டு சுழலும்போது மட்டும் என்ஜின் இழுவை இறங்கியது. நிறுத்தி எடுத்தால் மறுபடி சரி. ஸ்கேனரில் எஸ்பிஎன் 100, எஸ்பிஎன் 102 இரண்டும் எஃப்எம்ஐ 4. அதாவது ஆயில் பிரஷரும் டர்போ பூஸ்ட் பிரஷரும் ஒரே நேரத்தில் விழுகின்றன. உரிமையாளர் அதற்கு முன்பே புது ஆயில் பிரஷர் சென்சார் வாங்கிப் போட்டிருந்தார். இரண்டு சென்சார் ஒரே நொடியில் கெட்டுப்போகாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பூஸ்ட் சென்சார் கனெக்டரின் பின்னால் ஊசி நுழைத்து 5 வோல்ட் முனையில் சிவப்பு வயரையும், அதே கனெக்டரின் எர்த் முனையில் கறுப்பு வயரையும் வைத்தேன். நின்ற நிலையில் 5.02. மின்/மேக்ஸ் பொத்தானை அழுத்திவிட்டு ஆப்பரேட்டரைப் பக்கெட் நிறைய அள்ளிச் சுழற்றச் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் மேக்ஸ் 5.03, மின் 0.41. அந்த வரியில் இருந்த சென்சார்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சுழற்றியபோதும் அதே சரிவு. ஆக, வயர்தான். வயரிங் கட்டைப் பிடித்துக்கொண்டே போனதில், பம்ப் பக்கம் ஒரு கிளாம்பின் ரப்பர் தேய்ந்து, அடியில் தகடு பளபளவென்று மின்னியது. டேப்பைப் பிரித்தால் 5 வோல்ட் வயரின் உறை நகக்கண் அளவுக்குக் காணோம். செம்பு பச்சை பூத்திருந்தது. வெட்டி, புது வயர் சேர்த்துக் கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, கிளாம்பை இடம் மாற்றினோம். கழற்றி வைத்திருந்த பழைய சென்சாரையே திரும்பப் போட்டோம். இன்னும் ஓடுகிறது.

சில இயந்திரங்கள் இந்த மாதிரி நேரத்தில் எஸ்பிஎன் 3509 என்ற எண்ணையும் சேர்த்துக் காட்டும். அது சென்சார் சப்ளைக்கே உரிய எண். வந்தால் பாதி வேலை மிச்சம். இந்தப் பொக்லைனில் வரவில்லை.

மின்/மேக்ஸுக்கும் எல்லை உண்டு. சாதாரண மீட்டர்களில் விநாடியில் பத்தில் ஒரு பங்காவது நீடிக்கும் சரிவுதான் பதிவாகும். அதைவிடச் சின்னதற்குப் பீக் வசதியுள்ள மீட்டர் வேண்டும், விலையும் ஏறும். குவாரி வேலைக்கு எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

டெஸ்ட் லாம்பைப் பற்றிச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம், அதனால் அது மின்னோட்டம் இழுப்பதே இல்லை எனலாம். ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரிலும் அது 24 வோல்ட் காட்டும். முக்கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும் பல்பைக் கொடுத்தால் அந்த இழையின் வண்டவாளம் தெரிந்துவிடும், பல்பு மங்கி எரியும். பேட்டரி சப்ளை, எர்த் வயர்களுக்கு மட்டும்தான் இது. சென்சாரின் 5 வோல்ட் வரியிலோ சிக்னல் வயரிலோ பல்பை வைத்து இசிஎம்மைச் சுட்டுவிடாதீர்கள்.

பேனலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் ஒரேயடியாக வந்தால் கேன் வரியை (கன்ட்ரோலர்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் இரண்டு வயர்கள்) பார்க்கிறேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, 9 முனை சாக்கெட்டில் சி, டி முனைகளுக்கு இடையே ஓம் அளந்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் வரியின் இரு கோடிகளிலும் இருக்கும் 120 ஓம் தடைகளில் ஒன்று கழன்றிருக்கிறது அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாள்தான் இந்த அழைப்பு வரும். பிரஷர் தண்ணீரைக் கனெக்டர் மேல் பீய்ச்சாதே என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

2021 ஏப்ரலில் சக்கரம் உள்ள இயந்திரங்களுக்கு சிஇவி (கட்டுமான இயந்திரங்களுக்கான) நிலை 4 புகை விதி வந்த பிறகு சென்சார்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. ஸ்கேனர் இல்லாமல் இனிக் காலம் தள்ள முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவு ஸ்கேனர்கள் என்ஜின் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஹைட்ராலிக் பம்ப் கன்ட்ரோலரின் எண்கள் அவற்றில் வருவதில்லை. பல பொக்லைன்களில் அதை மானிட்டரின் சர்வீஸ் மெனுவிலேயே பார்க்கலாம், சென்சார் வோல்டேஜ் உட்பட. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் உங்கள் இயந்திரத்தின் மாடலைச் சொல்லிச் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

மீட்டரில் அடிக்கடி தேய்வது அளக்கும் வயர்கள். கைப்பிடி ஓரத்தில் உள்ளே இழைகள் அறுந்து, பழுது இயந்திரத்திலா மீட்டரிலா என்று குழப்பும். காலையில் இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்து வயரை ஆட்டிப் பார்ப்பேன். அரை ஓமுக்குக் கீழ் நிலையாக நின்றால் வேலைக்குக் கிளம்பலாம். பிளாஸ்டிக் உறை வெயிலில் விறைக்கிறது, சிலிக்கோன் வயர் தாங்குகிறது.

அடுத்து கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்தே மின்னோட்டம் அளப்பது) வாங்க இருக்கிறேன். இரவில் பேட்டரி இறங்கும் புகார்கள் கூடிவருகின்றன. யாராவது வாங்குவதாக இருந்தால் டிசி ஆம்பியர் அளக்குமா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் பேட்டரி வயரில் சுழியைத்தான் காட்டும்.