ஜெலுத்தோங் பட்டறை: வண்டியைத் தொடும் முன் கேள்வி கேட்கும் மெக்கானிக்

அப்பா 1993இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ்இசட் இப்போது என்னிடம் இருக்கிறது. 133 சிசி, டூ ஸ்ட்ரோக். மூன்று மாதமாக அது என்னை நடுவழியில் நிறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் தெரியாது. பட்டர்வொர்த்தில் பினாங்குத் தீவுக்குப் போகும் பெர்ரிக்காக எஞ்சினை அணைத்தால் போதும், அப்புறம் எத்தனை முறை உதைத்தாலும் உயிர் வராது. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். பிளக்கைக் கழற்றினால் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்.

முதலில் போன பட்டறையின் பெயரை எழுத விரும்பவில்லை. பிளக், காயில், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி என்று ஒவ்வொன்றாக மாற்றி 260 ரிங்கிட் வாங்கினார்கள். நான்காம் நாள் பெர்ரித் துறையில் மறுபடியும் வண்டியைத் தள்ளினேன். பழுது எங்கே என்று தேடாமல் பாகத்தை மாற்றிக் காசு வாங்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

நண்பர் சொல்லித்தான் பினாங்குத் தீவில் ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்புறத் தெருவில் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் வரிசையாக நிற்கும், அதுதான் அடையாளம்.

“தம்பி, காலையில் சோக் போடாமலே கிளம்புகிறதா?” என்று கேட்டார் மெக்கானிக்.

“ஆமாம் அண்ணே, ஒரே உதையில்.”

“மெதுவாகப் போனால் திணறும், வேகம் எடுத்தால் சரியாகிவிடும். அப்படித்தானே?”

அப்படியேதான். சோக் என்பது குளிர்ந்த எஞ்சின் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் விடும் வழி. நம் ஊர் வெக்கைக்கு அது தேவைப்படாது என்று நான் நினைத்திருந்தேன். சோக் மூடியிருக்கும்போதும் அதன் வழியே பெட்ரோல் கசிகிறதோ என்று தமக்குச் சந்தேகம் என்றார்.

சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கார்புரேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் குழாய் மாட்டும் முனையில் வாய் வைத்து ஊதச் சொன்னார். காற்று போகவில்லை. நிமிர்த்திப் பிடித்ததும் போனது. “ஊசி நன்றாகத்தான் அடைக்கிறது, அதன் மேல் பழி இல்லை” என்றார். பிறகு சோக்கின் வழியை அடைக்கும் பிளஞ்சரை உருவி என் உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்தார். சுண்டுவிரல் நுனியைவிடச் சிறிய பித்தளைத் துண்டு. அதன் அடியில் இருந்த ரப்பர் கல்லாக இறுகி, வட்டமாக ஒரு பள்ளம் விழுந்து, ஓரத்தில் வெடித்திருந்தது. மூன்று மாதத் துன்பத்துக்கும் காரணம் அந்த வெடிப்புதான்.

புதிய பிளஞ்சர் போட்டபின்பும் உடனே உதைக்க விடவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை முதலில் எஞ்சினின் அடியில் உள்ள கிராங்க் அறைக்குள் இறங்கி, அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறும். அதனால் மிஞ்சிய பெட்ரோல் அடியில் தேங்கிக் கிடக்கும். பிளக்கை மட்டும் துடைத்து மாட்டினால் அடுத்த உதையிலேயே மறுபடி நனைந்துவிடும். பெட்ரோல் குழாயை மூடினார், சாவியை அணைத்தார், பிளக்கைக் கழற்றித் தள்ளி வைத்தார், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து இருபது முறை உதைத்தார். பிளக் துளையிலிருந்து முதலில் பெட்ரோல் தூறலாகத் தெறித்தது, பிறகு ஈரக் காற்று, கடைசியில் வெறும் காற்று. அதற்குப் பிறகே காய்ந்த பிளக்கை மாட்டினார். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

பிளஞ்சருக்கு 18 ரிங்கிட், கூலி 40. பழைய பாகத்தைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

குறை என்றால் காத்திருப்புதான். ஒற்றை ஆள், தொலைபேசியை எடுப்பதே அரிது. என் முறை வர இரண்டு வாரம் ஆனது. உட்கார நாற்காலி இல்லை, மழை பெய்தால் ஒதுங்க இடமும் போதாது. அவசரம் உள்ளவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. தைப்பூச வாரத்தில் போகவே வேண்டாம், தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். வண்டி எப்போது கிளம்புகிறது, எப்போது அடம்பிடிக்கிறது என்பதை இரண்டு மூன்று நாள் கவனித்து வைத்துக்கொண்டு போங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்.