‘வாட்டர்ப்ரூஃப்’ சார்ஜர்: கடலோரத்தில் பேட்டரி வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் காட்டேஜ், தோப்பு வீடு, ரிசார்ட் என்று பேட்டரி வண்டி ஓட்டுகிறவர்கள் சார்ஜர் வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் இடம் அரியமான் பக்கம், வடகடல் ஓரம். விருந்தினர்களையும் பெட்டிகளையும் ரோட்டிலிருந்து உள்ளே கொண்டுவர 6 சீட் வண்டி ஒன்று வைத்திருக்கிறோம். கோல்ஃப் மைதானத்தில் ஓடுமே, அதே ரகம். 48 வோல்ட், 8 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஆறு. பழைய சார்ஜர் போனதும் மதுரையில் ஒரு டீலரிடம் கேட்டேன். “பீச்சுக்குன்னே வந்த மாடல் சார். ஐபி 67. தண்ணிக்குள்ள போட்டு எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது” என்றார். பெட்டியிலும் அதே ஸ்டிக்கர். விலை 18,500 ரூபாய், ஒரு வருட வாரண்டி. பில்லில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதித் தரச் சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதினார்.

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியது. கார்த்திகை முடிவதற்குள் சார்ஜர் காலி. கொட்டகைக்குள் சுவரில் மாட்டியிருந்த பொருள், அதன்மேல் ஒரு சொட்டு மழை விழவில்லை. முதலில் ஃபேன் கீச்சிட்டது. அப்புறம் காலையில் சீட்டைத் தூக்கினால் அழுகின முட்டை நாற்றம், பேட்டரியில் கை வைக்க முடியாத சூடு. கடைசியில் பிளக்கைச் சொருகினாலே பிரேக்கர் விழ ஆரம்பித்தது.

உச்சிப்புளியிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் தம்பி அதைத் திறந்து காட்டினார். ஸ்க்ரூ தலைகள் துருவேறித் திருப்புளிக்குப் பிடி கொடுக்கவில்லை. மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் கேஸ்கட் கூட இல்லை. ஃபேன் இறக்கைகளில் ஈர உப்பு அப்பியிருந்தது. சர்க்யூட் போர்டு மேல் ஈரம் தடுக்கும் வார்னிஷ் பூச்சு எதுவும் கிடையாது, ரிலே கால்களைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. “வெளிக்காத்தை இழுத்து நேரா போர்டு மேலேயே ஊதுதுண்ணே. இதுல எங்கருந்து ஐபி 67?” என்றார்.

அவர் கேட்டது நியாயம். அந்த எண்ணில் 6 என்றால் தூசி கொஞ்சமும் உள்ளே போகாது, 7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது. அப்படியென்றால் பெட்டி முழுக்க அடைத்திருக்க வேண்டும். சூடு வெளிப்புற அலுமினியத் தகடுகள் வழியாகத்தான் இறங்கும். ஃபேன் இருந்தாலும் அடைத்த பகுதிக்கு வெளியேதான் இருக்கும். வரிசையாகக் காற்றுத் துளை போட்ட டப்பாவில் ஐபி 67 ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது பொய், அவ்வளவுதான்.

உண்மையான ஐபி 67 கிடைத்தாலும் அது தண்ணீருக்கும் தூசிக்கும்தான், உப்பு அரிப்புக்கு அது உத்தரவாதம் இல்லை. அதற்கு உப்பு நீர்ப் புகையில் வைத்துப் பார்க்கும் சோதனை தனியாக இருக்கிறது. எத்தனை மணி நேரம் தாங்கியது என்று கேளுங்கள், விற்பவர் முழித்தால் வேறு கடை. நம் காற்று லேசுப்பட்டதில்லை. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்கவே மண்டபத்தில் நிலையம் வைத்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். இங்கே வார்னிஷ் இல்லாத போர்டு எத்தனை நாள் நிற்கும்?

சார்ஜர் போனதைவிட பெரிய அடி பேட்டரிக்கு. 48 வோல்ட் லெட் ஆசிட் செட் நிரம்பும்போது 58 வோல்ட் வாக்கில் ஏறும். நிரம்பியதும் சார்ஜர் தானாக 54 பக்கம் இறங்கி நிற்க வேண்டும். உள்ளே களிம்பேறிய இந்தச் சார்ஜர் விடிய விடிய 58-லேயே நின்றிருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் கொதித்து வற்றி, பிளேட் வெளியே தெரிந்தது. இரண்டு பேட்டரி தேறவில்லை. வாங்கிய முதல் வாரமே, முழுசாக ஏறிய பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். லித்தியம் செட் என்றால் கணக்கே வேறு, அதற்கென்று செய்த சார்ஜர்தான் வேண்டும்.

டீலரிடம் எடுத்துப்போனால் அவர் சொன்னதுதான் உச்சம்: “உள்ள தண்ணி இறங்கியிருக்கு சார். வாட்டர் டேமேஜுக்கு வாரண்டி வராது.” வாட்டர்ப்ரூஃப் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அதே வாய்! அப்புறம் “கம்பெனிக்கு அனுப்பணும்”, அப்புறம் போனையே எடுக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்தேன். அதற்கு டீலர் தரப்பு பதில், “நீங்க பிசினஸுக்கு வாங்கினீங்க, நுகர்வோரே இல்ல.” இதில் மிரண்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குவதை விலக்குகிறது, உண்மைதான். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்குகிறவரை நுகர்வோராகவே கணக்கில் எடுக்கிறது. நாமே ஓட்டி, நாமே பெருக்கும் சின்ன இடங்களுக்கு இது பொருந்தும். கடை வெளியூரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 வருடத்துக்குள், மனுப் போடலாம். நான் ராமநாதபுரத்தில் போட்டிருக்கிறேன். பில், ஸ்டிக்கர் படம், திறந்த போர்டின் படம் மூன்றும் இணைத்தாயிற்று.

டீலர் பெயர் கேட்டுப் பலர் எழுதுவீர்கள் என்று தெரியும். மனு விசாரணையில் இருக்கிறது, முடியும்வரை இங்கே போட மாட்டேன்.