எழுதியதை யார் வாசிக்கிறார்: வெளிவாரிப் பட்டமும் திறந்த பல்கலைக்கழகமும்

பருத்தித்துறையில் கற்பித்துக்கொண்டே பட்டம் பெற விரும்பிய எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பல்கலைக்கழக விரிவுரைகளுக்குப் போகாத வெளிவாரி மாணவியாகப் பதிந்து தனியார் வகுப்புகளின் துணையுடன் பரீட்சை எழுதுவது. மற்றது, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில் சேர்ந்து, அச்சிட்ட பாடத்தொகுதிகளை வீட்டிலிருந்து படிப்பது. முதலாவதில் ஓராண்டு செலவிட்டபின் இரண்டாவதற்கு மாறி, அதிலேயே பட்டத்தை முடித்தேன்.

இரண்டுக்கும் வேலையை விடத் தேவையில்லை. பதிவுக் கட்டணத்தில் வெளிவாரி மலிவாகத் தெரிந்தாலும், வகுப்புக் கட்டணமும் குறிப்புகளைப் பிரதியெடுக்கும் செலவும் சேர்ந்தபோது அந்த இலாபம் எனக்கு நிலைக்கவில்லை.

என்னை மாறச் செய்தது ஒப்படைதான், அதாவது எழுதிக் கொடுத்துத் திருத்திப் பெறும் பயிற்சிதான். வெளிவாரியில் ஓராண்டு முழுவதும் நான் எழுதிய எதையும் எவரும் வாசிக்கவில்லை. நெரிசலான வகுப்பில் குறிப்பெடுத்தேன், பரீட்சை மண்டபத்தில்தான் முதன்முறையாக என் விடையை இன்னொருவருக்குக் கொடுத்தேன். திறந்த பல்கலைக்கழகத்திலோ தொடர் மதிப்பீட்டில் தகுதி பெறாதவர் இறுதிப் பரீட்சைக்கே தோற்ற முடியாது என்பதால், ஆண்டு முழுவதும் எழுதியே ஆகவேண்டியிருந்தது. என் முதல் ஒப்படை திரும்பி வந்தபோது, நான் மிகவும் நம்பியிருந்த பந்தியின் ஓரத்தில் "இதற்குச் சான்று எது?" என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. பாடத்தொகுதியின் வசனங்களையே சொல் மாற்றி அடுக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அதன்பின் எதை வாசித்தாலும் கூற்றுக்கு அருகில் ஆதாரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் வந்தது.

இந்த வேறுபாடு பழையது. லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் வெளியார் பரீட்சை எழுத வழி திறந்தது. ஆனால் அவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் பொறுப்பை அது ஏற்கவில்லை. அந்த இடைவெளியில்தான் 1894இல் தொடங்கிய வூல்சி ஹோல் போன்ற தபாற் கல்லூரிகள் பாடங்களை அனுப்பி, வந்த விடைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பின. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை இங்குள்ளவர்களும் லண்டன் பட்டத்துக்கே படித்தார்கள். அவர்களுக்கும் திருத்துபவர் ஒருவர் தேவைப்பட்டிருப்பார்.

நான் படித்தவை கலைப்பாடங்கள் என்பதால், ஆய்வுகூடம் வேண்டிய பாடங்களைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. எழுதியதைக் காட்டித் திருத்திக்கொள்ள ஓர் ஆசிரியர் அருகில் உள்ளவருக்கு வெளிவாரியும் போதுமானதாக இருக்கலாம். எனக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. எவ்வழியாயினும், பணம் கட்டுமுன் முன்னைய மாணவர் ஒருவரின் திருத்திய ஒப்படையை வாங்கி, அதில் புள்ளி மட்டும் இடப்பட்டிருக்கிறதா, குறிப்பும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.